செட் மாத்திரையும் சிறுநீரகமும்: அம்மாப்பேட்டை வாசகிக்கு ஒரு பதில்

சேலம் அம்மாப்பேட்டைப் பகுதியிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவருடன் சேர்ந்து விசைத்தறி ஓட்டுகிறார். தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) மாற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதுமாக நாள் முழுவதும் நின்றே வேலை என்பதால், இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலியும் இடுப்பு வலியும் இருக்கின்றன. தெருமுனை மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்குகிறார். முதலில் வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது, கடந்த நான்கு மாதங்களாக ஏறக்குறைய தினமும் என்றாகிவிட்டது. காகிதப் பொட்டலத்தில் மூன்று மாத்திரைகள்: மஞ்சளாக ஒன்று, "கேஸ் மாத்திரை" ஒன்று, வெள்ளையாகச் சின்னதாக ஒன்று. அவற்றின் பெயர் அவருக்குத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக அம்லோடிபின், டெல்மிசார்டன் மாத்திரைகள் வருகின்றன.

ஒரு மாதமாகக் கணுக்கால் வீங்குகிறது, முகமும் உப்பினாற்போல் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது இரத்த அழுத்தம் 160/100. அடுத்த வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்வதைக் கேட்டுப் பயந்து, "தினமும் மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்" என்று இரத்த அழுத்த மாத்திரைகளைப் பத்து நாட்களுக்கு முன் நிறுத்திவிட்டார். வலி மாத்திரையை நிறுத்தவில்லை, அதை விட்டால் தறியில் நிற்க முடியாது என்கிறார். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும் என்பதால் அதைத் தொடுவதில்லை. கேஸ் மாத்திரையும் சேர்ந்திருப்பதால் பயமில்லைதானே, மாத்திரைக்குப் பதிலாக ஊசி போட்டுக்கொள்ளலாமா, ஏற்காடு போகும் வழியில் ஒருவர் தரும் மூலிகைச் சூரணத்துக்கு மாறலாமா என்று கேட்கிறார். மலைக்கிராமத்தில் இருக்கும் 70 வயது தாயாருக்கும் மாதம் நாலைந்து செட் வாங்கி அனுப்புவதாகவும், அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதாகவும் கடிதத்தின் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது தவறான மாத்திரையின் மேல் விழுந்திருக்கிறது. இந்நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்குப் பெரும் காரணங்கள் சர்க்கரை நோயும் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமும்தான். நீங்கள் நிறுத்தியது சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையை. நிறுத்தாமல் தொடர்வதோ அதற்குச் சுமையேற்றும் மாத்திரையை. ஆகவே முதல் வேண்டுகோள்: நாளைக் காலையிலேயே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று, இரத்த அழுத்தம் பார்த்து, நிறுத்திய மாத்திரைகளை மருத்துவர் சொல்கிறபடி மீண்டும் தொடங்குங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அண்மையில் மலம் தார் போலக் கறுத்துப் போனதுண்டா? வாந்தியில் காப்பித் தூள் போன்ற கருமை இருந்ததுண்டா? சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பொட்டலத்துக்குள் இருப்பவை

'செட்' என்பது ஒரு மருந்தின் பெயரன்று. கடைக்குக் கடை, நாளுக்கு நாள் அதன் உள்ளடக்கம் மாறும். அட்டையிலிருந்து வெட்டிப் பிரித்த மாத்திரையில் பெயரோ அளவோ காலாவதித் தேதியோ இருக்காது என்பதால், உங்களைச் சோதிக்கும் மருத்துவருக்கும் அது இன்னதென்று தெரியப்போவதில்லை. கடிதத்தை வைத்து நான் ஊகிக்க மட்டுமே முடியும். மஞ்சள் மாத்திரை டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் ஆகியவற்றில் ஒன்றாகவோ, அவற்றோடு பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரையாகவோ இருக்கக்கூடும். நம் ஊரில் பலரும் கேட்டு வாங்கும் 'காம்பிஃப்ளாம்' அத்தகைய கூட்டு மாத்திரைதான், ஒன்றில் 400 மில்லிகிராம் இபுபுரூஃபனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கின்றன. பாராசிட்டமாலைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பொட்டலத்துக்குள்ளேயே இருக்க வாய்ப்புண்டு.

எனக்குப் பெரும் கவலை தருவது அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. இத்தகைய செட்டுகளில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் சேர்க்கப்படுவதுண்டு. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அமுக்கிவிடும், 'அந்தக் கடை மாத்திரைதான் கேட்கிறது' என்ற நம்பிக்கை பலருக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மாதக்கணக்கில் எடுத்தால் முகம் உப்பும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், எலும்பு வலுவிழக்கும். வலி மாத்திரையோடு சேரும்போது வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பு பலமடங்காகிறது. உங்கள் முக உப்பலை இந்தக் கண்ணோடுதான் நான் படித்தேன்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்டீராய்டைத் தொடர்ந்து எடுத்துவந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் இயல்பான சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை நேரலாம். மஞ்சள் மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாம், அதனால் கெடுதல் வராது. வெள்ளை மாத்திரையை மட்டும் பெயர் தெரியாமல் தூக்கி எறிய வேண்டாம். இன்று மாலையே கடைக்குச் சென்று மூன்றின் பெயரையும் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரைகளின் அட்டையைக் காட்டச் சொல்லிக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி. அது ஸ்டீராய்டு என்று தெரிந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கடைக்காரர் சொல்ல மறுத்தால் மீதமுள்ள பொட்டலத்தையே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், "நான்கு மாதமாகத் தினமும் செட் மாத்திரை போட்டேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். அட்டையும் ரசீதும் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கடைக்காரரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் இனி எந்த மாத்திரையையும் பெயரில்லாத பொட்டலத்தில் வாங்காதீர்கள்.

வலி மாத்திரை உடம்பில் செய்வது

உடம்பில் அடிபட்ட இடத்திலும் தேய்ந்த இடத்திலும் புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி, வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை 1971இல் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார், 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வேதிப்பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயை விரித்து வைத்திருப்பதும். முழங்காலில் அதைத் தடுக்கும் மாத்திரைக்கு, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் மட்டும் தடுக்காமல் இருக்கத் தெரியாது.

இதைப் புரிந்துகொண்டால் கேஸ் மாத்திரை, ஊசி பற்றிய உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது, அதுவும் எல்லாக் கேஸ் மாத்திரைகளும் ஒரே அளவுக்குக் காப்பதில்லை. சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அது எந்தப் பாதுகாப்பும் தராது. ஊசியும் அப்படித்தான். மருந்து இடுப்பு வழியாகப் போனாலும் வாய் வழியாகப் போனாலும் இரத்தத்தில்தான் கலக்கிறது, அங்கிருந்து வயிற்றையும் சிறுநீரகத்தையும் சென்றடைகிறது. "ஊசி போட்டால் வயிற்றைப் பாதிக்காது" என்று நம் ஊரில் படித்தவர்களும் சொல்வதைக் கேட்கிறேன். அது உண்மையன்று.

கணுக்கால் வீக்கத்துக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைப்பதால் வீக்கம் வரலாம், இரத்த அழுத்த மாத்திரைகள் சரிவர வேலை செய்யாமல் போவதும் அதனாலேயே. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தாலும் வீங்கும். அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும் என்பதால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு வழி, மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைப்பதோ வேறு மாத்திரைக்கு மாறுவதோதான். டெல்மிசார்டன் எடுப்பவர்கள் வலி மாத்திரையைச் சேர்த்து எடுத்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் குறையலாம், இரத்தத்தில் பொட்டாசியமும் கூடலாம். அவற்றோடு நீர் பிரியச் செய்யும் மாத்திரை ஒன்றும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலங்களைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்ததால், கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. மனித உடம்பு அதைத் தாங்கும் திறன் மிக அதிகம் என்பதால் இதைக் கேட்டு நடுங்க வேண்டாம். ஆனாலும் தினந்தோறும் மாதக்கணக்கில் போடுவதற்கான மாத்திரை அன்று அது.

தறிப்பட்டறையின் வெப்பம்

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பட்டறையில் கழிப்பறை வசதி இல்லாததால் காலை முதல் மாலை வரை தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை என்று. உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் வருத்தியது இந்த வரிதான். சேலத்துச் சித்திரை வெயிலில், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே வியர்த்துக்கொண்டு நிற்கும் உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறையாமல் காப்பது நான் மேலே சொன்ன புராஸ்டகிளாண்டின்தான். அந்த நேரத்தில் வலி மாத்திரை அதையும் தடுத்துவிட்டால் சிறுநீரகத்துக்கு வேறு துணை இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் உள்ள நாட்களில் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. தண்ணீரைக் கூடவே வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குடியுங்கள். மதிய இடைவேளையில் வீட்டுக்குச் சென்றுவர முடியுமானால் அதற்காகவாவது செல்லுங்கள். கால்வீக்கம் இருப்பதால் எவ்வளவு குடிக்கலாம் என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். பட்டறை உரிமையாளரிடம் பெண்கள் சேர்ந்து கழிப்பறை கேட்பதும் இந்த மருத்துவத்தின் ஒரு பகுதிதான் என்று நான் கருதுகிறேன்.

பாராசிட்டமால் பற்றிய பயம்

டோலோ, கால்பால், குரோசின் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பெரும்பாலும் கிடைப்பது பாராசிட்டமால்தான். அளவுக்கு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மை. ஈரல் அதைச் சிதைக்கும்போது நச்சுப்பொருள் ஒன்று சிறிதளவு உண்டாகிறது, குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. மருந்து மிகுந்துபோனால் குளூட்டாதயோன் தீர்ந்து, நச்சு ஈரலைத் தாக்குகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். தொடர்ந்து சில நாட்கள் எடுக்க வேண்டியிருந்தால் 3 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது என் அறிவுரை. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளில் அதிகபட்சம் ஆறு, 650 என்றால் நான்கு, ஒவ்வொரு முறைக்கும் ஆறு மணி நேர இடைவெளி. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த அளவுக்குள், ஈரல் நோய் இல்லாதவருக்கு, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பொறுத்தவரை உங்கள் மஞ்சள் மாத்திரையைவிட இது மிகவும் பாதுகாப்பானது. முழங்கால் தேய்மான வலியை இது ஓரளவுதான் குறைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் நாளே ஏமாந்து பழைய கடைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

உங்கள் கணவர் குடித்த மறுநாள் தலைவலிக்கு 650 மாத்திரை இரண்டை ஒன்றாகப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து குடிப்பவர்களின் ஈரலில் குளூட்டாதயோன் குறைவாக இருக்கும். அவர் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரைக்கு மேல் போடக் கூடாது, ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டவும் கூடாது. யாராவது தெரிந்தோ தெரியாமலோ அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். முதல் 24 மணி நேரத்தில் அறிகுறி பெரிதாகத் தெரியாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு பாராசிட்டமாலை மட்டுமே எடுங்கள். டெங்குவில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும்போது டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவை மோசமாக்கும்.

சூரணம்

சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நீங்கள் விரும்பினால் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில், பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொட்டலத்திலிருந்து அதே போன்ற இன்னொரு பொட்டலத்துக்கு மாறுவதில் என்ன பயன்? "இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். மூலிகைத்தூள் என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்ததுண்டு. அத்தனை வேகமான நிவாரணம் எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகிறது.

தாயாருக்கு அனுப்பும் செட்

இதை உடனே நிறுத்துங்கள். கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருந்தாலும் இதுதான் அவசரமானது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும், பெரும்பாலும் அதோடு குளோபிடோகிரெல் மாத்திரையும் எடுப்பார்கள். அவற்றோடு வலி மாத்திரை சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியும் வாய்ப்பு மிகவும் கூடும். ஆஸ்பிரின் வேலை செய்வதையே இபுபுரூஃபன் தடுக்கக்கூடும். டைக்ளோஃபெனாக் போன்றவை இதய நோயாளிகளுக்கு மாரடைப்பின் வாய்ப்பையும் உயர்த்துகின்றன. இரவு நேரத்தில் மலையில் இரத்த வாந்தி எடுத்தால், கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் மீதமிருக்கும் செட்டுகளை இனி போட வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். அடிக்கடி போட்டு வந்தாரா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் வெள்ளை மாத்திரையின் பெயரோடு அவரையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் அவர் எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்), பொட்டாசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் ஆகிய பரிசோதனைகள். இவை போதும், அரசு மருத்துவமனையில் செலவின்றிச் செய்துகொள்ளலாம். கிரியேட்டினின் சற்றுக் கூடியிருந்தாலும் உடைந்துவிடாதீர்கள். வலி மாத்திரையால் வந்த பாதிப்பு தொடக்க நிலையில் இருந்தால், அதை நிறுத்தியபின் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தேறிவிடுகிறது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளரிடம் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

வலியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு ஆண்டுகளாக யாரும் உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகி இருக்கின்றனவா, கைவிரல் மூட்டுகளும் வீங்குகின்றனவா என்று மருத்துவர் கேட்பார். அப்படியிருந்தால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கான மருந்தே வேறு. தேய்மானம்தான் என்றால், முழங்காலின் மேல் தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு நல்ல முதல் வழி. தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு என்றாலும், கிரியேட்டினின் முடிவைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தொடைத் தசையை வலுவாக்குவது களிம்பைவிட முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் இடுப்புக்கான பயிற்சிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். தறிக்குப் பக்கத்தில் ஓர் உயரமான முக்காலியைப் போட்டு, தறி தடையின்றி ஓடும் நேரத்தில் உட்காருங்கள். கால் மாற்றி வைத்து நிற்க ஒரு சிறு பலகையும், வெறும் சிமென்ட் தரையில் நிற்காமலிருக்க ஒரு தடித்த ரப்பர் விரிப்பும் இருந்தால் நல்லது.

இவ்வளவுக்குப் பின்னும் சில நாட்கள் தாங்க முடியாத வலி வரும். அப்போது வலி மாத்திரையே கூடாது என்று நான் விதிக்கவில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பது உறுதியாகி, இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தபின், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், அதிகபட்சம் எத்தனை நாள் என்று மருத்துவர் சீட்டில் எழுதித் தருவார். அதைச் சாப்பாட்டுக்குப் பின், போதிய தண்ணீரோடு, அந்த நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கடைக்காரர் எழுதித் தந்த மூன்று பெயர்களையும் அதில் மறக்காமல் சேருங்கள்.